பானெட்டைத் திறந்தால் என்ன தெரிகிறது

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று அப்பா எண்பதுகளில் வாங்கிய பிரீமியர் பத்மினி. இன்னொன்று என் மனைவி வேலைக்குப் போய்வர வாங்கிய சின்ன எலக்ட்ரிக் கார், பச்சை நம்பர் பிளேட். வருகிற விருந்தாளிகளில் பாதிப் பேர் பத்மினியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இனி எத்தனை நாளைக்குங்க ஓடும்?" என்பார்கள். மீதிப் பேர் மற்றதைச் சுற்றி வந்து, "பேட்டரி போனா என்னங்க பண்ணுவீங்க?" என்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. கெட்டுப்போனால் சரிபண்ண ஆள் இருக்குமா என்பதுதான் அது.

பெட்ரோலா மின்சாரமா என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கிறது. பத்மினி ஊருக்குள் லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு அது நல்ல மூடில் இருக்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டில் ஏழெட்டு கிலோமீட்டர் போகும். யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயைத் தாண்டாது. பெட்ரோல் எஞ்சின் தான் குடிப்பதில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. மற்றதெல்லாம் ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போய்விடும். மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை. "கரண்டும் நிலக்கரியிலதானே வருது" என்பவர்கள் உண்டு. நாட்டில் பாதிக்கு மேல் அப்படித்தான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில் ஆனி, ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் நம் மாநிலத்துக் கணக்கே வேறு. போகப் போக அது இன்னும் மாறும். பத்மினியின் சைலன்சர் மாறப்போவதில்லை.

பழைய கார் மேல் எனக்குப் பாசம் உண்டு, பக்தி கிடையாது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஏர்பேக் என்ற பேச்சுக்கே இடமில்லை. மோதினால் ஸ்டீயரிங் தண்டு நேராக நெஞ்சுக்கு வரும். மகள் அதில் தினமும் பைபாஸில் போய்வருவதை நான் விரும்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மருதமலை வரை போய்வர மட்டும் அது போதும்.

ஆனாலும் அந்த வண்டியில் ஒரு விஷயம் இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கோடையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மதியம் போகும்போது திடீரென்று மூச்சுத் திணறி நின்றுவிடும். பெட்ரோல் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருப்பதால் சூட்டில் உள்ளே பெட்ரோல் ஆவியாகி, கார்ப்பரேட்டருக்குப் போகாமல் அடைத்துக்கொள்ளும். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பம்ப் மேல் சுற்றி, பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பிவிடும். ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறதா, தீப்பொறிக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பாயின்ட்டைப் பார்க்கணும். கருகியிருந்தால் உப்புத்தாளால் ஒரு தேய், உடைந்த ஹேக்ஸா பிளேடைச் செருகி இடைவெளி பார், மூடு, அவ்வளவுதான். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கணபதியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன். அவர் பத்தாம் வகுப்பு தாண்டவில்லை. எந்தக் கம்பெனியின் சர்டிஃபிகேட்டும் அவரிடம் இல்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றியதில்லை.

அவருடைய ஒர்க்ஷாப்பில் கொஞ்ச காலம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. அறுபதுகளில் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்த வண்டி. அதன் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்த்து, அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். எஞ்சின் நடுவில் தனியாக நிற்கும். முன்சக்கரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணலாம். அண்ணன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், வாயில் ஸ்பேனரோடு. அந்தக் கம்பெனி எண்பதுகளின் கடைசியில் மூடப்பட்டது. ஸ்டாண்டர்டு 2000 என்று கடைசியாக ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தார்கள், எடுபடவில்லை, கதவைச் சாத்திவிட்டார்கள். கம்பெனி போய் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஹெரால்டு ஓடுகிறது. புஷ் தேய்ந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். கேஸ்கெட் இல்லையென்றால் தாளை வைத்துச் சுத்தியலால் தட்டி, விளிம்பின் அச்சை எடுத்து வெட்டிக்கொள்ளலாம். செய்தவன் இல்லாமலேயே வண்டி வாழ முடிந்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் 2024-இல் அமெரிக்காவில் நடந்தது. ஃபிஸ்கர் என்ற எலக்ட்ரிக் கார் கம்பெனி அந்த ஜூன் மாதம் திவால் மனு போட்டது. அவர்களுடைய ஓஷன் என்ற கார் ஆஸ்திரியாவில் தயாராகி வந்து சுமார் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நல்ல விலை கொடுத்து வாங்கியவர்கள் ஒரே நாளில் அநாதையானார்கள். வாரன்டி போச்சு, உதிரி பாகம் போச்சு. அதைவிடப் பெரிய தலைவலி சாஃப்ட்வேர். கார் கம்பெனியின் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும்படி கட்டப்பட்டது. எதிர்முனையில் ஆளே இல்லையென்றால்? வாங்கியவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, பாகங்களைத் தேடி, மென்பொருளைப் புரிந்துகொள்ள ஆட்களைப் பிடித்து அலைந்தார்கள். லேத்தில் புஷ் கடையலாம். பாஸ்வேர்டைக் கடைய முடியாது.

சரி, கோயம்புத்தூர்க்காரனுக்கு இதில் தனியாக ஒரு ஆதங்கம் இருக்கிறது. மோட்டார் எங்களுக்கு அந்நியம் இல்லை. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நாட்டின் முதல் உள்நாட்டு மின் மோட்டாரைச் செய்தது இந்த ஊரில்தான். அதே ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பஸ் ஓட்டித் தொழிலுக்கு வந்தவர். அவர் பேரில் அவிநாசி ரோட்டில் இருக்கும் கார் மியூசியத்துக்குப் போனால் பழைய வெளிநாட்டுக் கார்கள் வரிசையாக நிற்கும். எஞ்சினும் மோட்டாரும் ஒரே ஆளின் கையில் இருந்த ஊர் இது. பம்ப்செட், கிரைண்டர் என்று மோட்டாரை வைத்தே வளர்ந்த ஊர். ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் தெருவுக்கு ஒரு காயில் கட்டும் கடை உண்டு. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால், கருகிய கம்பியை உருவி, சுற்று எண்ணி, புதுச் செம்புக் கம்பி கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, சாயங்காலம் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் எலக்ட்ரிக் கார் வந்தால் மெக்கானிக்குகள் பயப்பட வேண்டிய அவசியம் என்ன?

எங்கள் காரையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாள் காலையில் அது எழுந்திருக்கவே இல்லை. முதல் நாள் இரவு முழுக்க சார்ஜ் ஏற்றியிருந்தது. ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை, திரையில் வெளிச்சம் இல்லை. மனைவிக்கு ஆபீஸுக்கு நேரமாகிறது. கம்பெனியின் உதவி எண்ணில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன். "எலக்ட்ரிக் எனக்கு ஆகாதுங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முன்பக்கம் திறந்ததும் ஓரத்தில் ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரி. கிட்டத்தட்ட எல்லா எலக்ட்ரிக் காரிலும் இப்படி ஒன்று உண்டு. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலேக்களை இழுப்பதே இந்தச் சின்னதுதான். இது இறங்கிவிட்டால், அடியில் முந்நூறு கிலோமீட்டருக்கான மின்சாரம் இருந்தும் வண்டி கட்டைதான். மேனுவலில் இருந்த முறையை நான் படித்துச் சொல்ல, பத்மினிக்கு எடுத்துவரும் அதே ஜம்பர் கேபிளை மாட்டினார். திரை விழித்தது. "இவ்வளவுதானுங்களா இது?" என்று சிரித்தார். அன்றைக்கு அவர் காசு வாங்கவில்லை.

அடுத்த முறை சிரிக்க முடியவில்லை. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் சார்ஜ் ஏறவில்லை. அண்ணன் மகன், டிப்ளமோ படித்தவன், ஒரு ஸ்கேனரோடு வந்து பார்த்தான். ஏதோ ஒரு எரர் கோடு (பழுதுக் குறியீடு) காட்டியது. அதற்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனியின் கணினிக்கு மட்டும்தான் தெரியும். சர்வீஸ் சென்டருக்குப் போனோம். சார்ஜரை அப்படியே கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். வாரன்டி இருந்ததால் எனக்குச் செலவில்லை. பழைய பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று அந்தப் பையன் கேட்டதற்கு, சீல் உடைக்கக் கூடாது, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும் என்றார்கள். உள்ளே போயிருந்தது ஒரு ஃபியூஸாகவோ கெப்பாசிட்டராகவோகூட இருந்திருக்கலாம். ஆளுக்கு ஆள் ஊகிக்கலாம், அவ்வளவுதான். வாரன்டி முடிந்தபின் இதே பழுது வந்தால் முழுப் பெட்டிக்கும் நான் பணம் கட்ட வேண்டும்.

கம்பெனிகள் சொல்லும் காரணத்தையும் தள்ளிவிட முடியாது. எலக்ட்ரிக் காரின் பெரிய பேட்டரியில் முந்நூறு, நானூறு வோல்ட் டி.சி. இருக்கும். தொட்டால் விடாது. இன்சுலேட்டட் கையுறை போட்டு, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, வோல்டேஜ் இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்கணும். 2022 கோடையில் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றியதையும், அதற்குப் பிறகு மத்திய அரசு பேட்டரிச் சோதனை விதிகளை இறுக்கியதையும் யாரும் மறக்கவில்லை. உப்புத்தாளும் ஹேக்ஸா பிளேடும் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது. ஆனால் ஆபத்து இருக்கிறது என்பதற்காகப் பூட்டிவிடுவது ஒன்று, சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. ஈ.பி. லைன்மேன் கம்பத்தில் ஏறுவதும் ஆபத்துதான். அதற்குப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்களே தவிர, யாருமே ஏறக் கூடாது என்று சொல்வதில்லை.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நாலு வகைக்கும் சர்வீஸ் விவரங்களைக் கம்பெனிகள் தானாக முன்வந்து அதில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. தானாக முன்வந்து என்ற இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது. கட்டாயம் இல்லாத வரை, கணபதி ஒர்க்ஷாப்புக்கு வயரிங் வரைபடம் வந்துசேரும் என்று நான் நம்பவில்லை.

இத்தனைக்கும் வண்டிகள் நம் கண்ணெதிரேதான் தயாராகின்றன. ஓசூரில் ஸ்கூட்டர், போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர், 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை. அதே வருஷம் ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. தயாரிக்கிற மாநிலத்தில் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாமல் போனால் அது வெட்கக்கேடு.

பத்மினிக்கு வேறு மாதிரி நெருக்கடி. மும்பையில் பதிவான கடைசி பத்மினி டாக்சி, இருபது வருஷ வயது வரம்பை எட்டி, 2023 அக்டோபர் இறுதியில் ரோட்டைவிட்டு இறங்கியது. டெல்லியில் பத்து வருஷ டீசலுக்கும் பதினைந்து வருஷப் பெட்ரோலுக்கும் தடை என்று நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையில் பங்கில் பெட்ரோலே ஊற்றக் கூடாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே எதிர்ப்பு கிளம்பி நிறுத்திவைத்தார்கள். இங்கே அந்த அளவுக்கு இல்லை. 15 வருஷம் தாண்டிய காருக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு இப்போது 10,000. ஐம்பது வயது தாண்டிவிட்டால் வின்டேஜ் என்று தனிப் பதிவும் மரியாதையும் கிடைக்கும். எங்கள் பத்மினிக்கு இளமையும் போச்சு, அந்தப் பெருமை கிடைக்கும் வயதும் வரவில்லை. நம்மில் பலரைப் போலத்தான்.

உண்மையான எதிரி பெட்ரோல் பங்கிலேயே இருக்கிறது. இப்போது ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பத்மினி காலத்து ரப்பர் குழாய்க்கும் கார்ப்பரேட்டர் டயஃப்ரத்துக்கும் அது ஒத்துக்கொள்ளாது. ஊறி, பிசுபிசுத்து, வெடிப்பு விடும். போதாததற்கு எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். வாரம் ஒரு முறை ஓடும் வண்டியில், டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். அண்ணன் குழாய்களையெல்லாம் மாற்றி, கார்ப்பரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினார். அரை நாள் வேலை. பானெட் திறக்கிற வண்டி என்பதால் கொள்கை மாறினாலும் பின்னாலேயே ஓடிப் பிடித்துக்கொள்ள முடிகிறது.

இனி டிரைவர் இல்லாத கார். இதில் நம் ஊர் ஏற்கெனவே முன்னேறிவிட்டது என்று நண்பர்களிடம் சொல்வேன். காரில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே திருச்செந்தூர் போய்வர, ஆக்டிங் டிரைவருக்கு ஒரு போன் போதும். நாள் சம்பளம், சாப்பாடு, நைட் பேட்டா. அமெரிக்காவில் தானியங்கி டாக்சிக்குப் பின்னால் கோடிகோடியாகக் கொட்டுவதற்கு அங்கே டிரைவர் கூலி அதிகம் என்பது ஒரு பெரிய காரணம். இங்கே அந்தக் கணக்கு இடிக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் வேலைவாய்ப்பைக் காட்டித்தான்.

அதற்காக அந்தத் தொழில்நுட்பத்தைக் கிண்டல் பண்ண எனக்கு மனசில்லை. 2004-இல் மொஹாவே பாலைவனத்தில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய போட்டியில், சுமார் 240 கிலோமீட்டர் பாதையில் எந்த வண்டியும் 12 கிலோமீட்டரைக்கூடத் தாண்டவில்லை. அடுத்த வருஷமே ஐந்து வண்டிகள் முழுதாக ஓடி முடித்தன. 2020 அக்டோபரில் வேமோ என்ற கம்பெனி, அரிசோனாவில் ஸ்டீயரிங்கில் ஆளே இல்லாத டாக்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2024-இல் சான் பிரான்சிஸ்கோவில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றார்கள். இருபது வருஷத்தில் இது அசுர வளர்ச்சி.

அதே சான் பிரான்சிஸ்கோவில் 2023 அக்டோபர் 2 அன்று நடந்ததையும் சொல்லணும். மனிதர் ஓட்டிய ஒரு கார் ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணை இடித்து, பக்கத்து லேனில் வந்த குரூஸ் கம்பெனியின் டிரைவரில்லாக் காருக்கு முன்னால் தள்ளியது. அந்தக் கார் பிரேக் அடித்தும் அவர் மேல் ஏறி நின்றது. அது வரைக்கும் மனிதனுக்கும் நேர்ந்திருக்கக்கூடியதுதான். பிறகு, விபத்து நடந்தால் ஓரங்கட்ட வேண்டும் என்ற தன் பாடத்தின்படி, அடியில் ஆள் இருப்பது தெரியாமல் இருபதடி நகர்ந்து ஓரங்கட்டியது. நம் டவுன் பஸ் டிரைவரானால் முதலில் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பார். மூன்று வாரத்தில் உரிமம் போனது. 2024 டிசம்பரில் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சி முயற்சியையே கைவிட்டது.

முழுத் தானியங்கி இங்கே வர நாளாகும். பாதி வந்துவிட்டது. லெவல் 2 என்கிறார்களே, ஆள் ஸ்டீயரிங்கில் இருக்கும்போதே வண்டி லேனையும் பிரேக்கையும் தானே பார்த்துக்கொள்வது. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, பம்பருக்குள் ரேடார். நண்பருடைய வண்டியில் பாலக்காடு ரோட்டில் போனபோது நாலுவழிச்சாலையில் அழகாகத்தான் போனது. ஊர் எல்லை வந்ததும் தொல்லை. பள்ளத்தை ஒதுக்க ஸ்டீயரிங்கைத் திருப்பினால் லேன் மாறுகிறாய் என்று எதிர்ப்பக்கம் இழுக்கிறது. நடுவில் ஒரு பைக் நுழைந்தால் சடாரென்று பிரேக். பின்னால் லாரி வருகிறதே என்று எங்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. கடைசியில் அதை அணைத்துவிட்டு நிம்மதியாக ஓட்டினார்.

நான் கவனித்தது வேறு. அந்த வண்டியின் முன்கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விட்டது. வழக்கமான கடையில் கண்ணாடி மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு கேமராவை மறுபடி அளவு சரிபார்த்து நிறுத்தணும். அந்தக் கருவி கம்பெனியிடம்தான் உண்டு. பம்பர் நெளிந்தால் டிங்கரிங் கடையில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்து விட்டுவிடவும் முடியாது. பூச்சு தடித்துப்போனால் ரேடாருக்குப் பார்வை மங்கும். மெக்கானிக்கோடு பூட்டு நின்றுவிடவில்லை, கண்ணாடிக் கடைக்கும் டிங்கரிங் பட்டறைக்கும் வந்தாயிற்று.

போன மாதம் மைத்துனருக்குக் கார் பார்க்க ஒரு ஷோரூமுக்குக் கூடப் போயிருந்தேன். எலக்ட்ரிக்தான், அதில் சந்தேகமே இல்லை. விற்பனைப் பையன் ரேஞ்சு, சன்ரூஃப், கைதட்டினால் மாறும் விளக்கு என்று உற்சாகமாகச் சொன்னான். நான் சில கேள்விகள் வைத்திருந்தேன். பேட்டரியில் ஒரு மாட்யூல், அதாவது பேக்கின் ஒரு பகுதி, போனால் அதை மட்டும் மாற்றிக் கொடுப்பீர்களா, முழுப் பேக்கையுமா? பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்பதை நானே பார்க்க முடியுமா? எரர் கோடு பட்டியலும் சர்வீஸ் மேனுவலும் வெளி மெக்கானிக்குக் கிடைக்குமா? எட்டு வருஷ வாரன்டி முடிந்த பிறகும் சாஃப்ட்வேர் அப்டேட் வருமா?

பையன் மேனேஜரைக் கூப்பிட்டான். அவர் வந்து, "சார், நீங்க பானெட்டையே திறக்க வேண்டியதில்லைங்க சார், எல்லாம் ஆப்லயே வந்துரும்" என்றார். மைத்துனர் என்னைப் பார்த்தார். மாட்யூல் விஷயத்தை மட்டும் எழுத்தில் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். பதில் வந்தால் புக் பண்ணுவோம்.